சுவரில் ஓவியம், அருகில் ஒரு பெயர்: வாசகர் கேள்வி–பதில்

கடந்த இதழில், ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியர்களின் படைப்புகளை மெல்போர்ன் நகரில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காட்சிக்கு வைத்த கேப்ரியல் பிட்ஸி என்ற கலைக்கூட நிறுவனரைப் பற்றி ஒரு பக்க அளவில் குறிப்பு எழுதியிருந்தேன். 2004-இல் மறைந்த அவரைப் பற்றியும், அவர் காட்சிப்படுத்திய ஓவியங்களைப் பற்றியும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒரு சொல். அந்த ஓவியர்களில் பலர் வாழும் மத்திய ஆஸ்திரேலியாவின் பாலைவனச் சமூகங்களில் ஒருவர் இறந்துவிட்டால் அவர் பெயரைச் சில காலம் யாரும் உச்சரிப்பதில்லை. பொதுப்பதிவில் உள்ள பெயர்களை மட்டும், அந்த வழக்கத்தின் மீதுள்ள மரியாதையோடு இங்கே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஓவியம் வரைந்தவரைக் கொண்டாடுவது நியாயம். அதை விற்றவருக்கு எதற்காக ஒரு பக்கம் ஒதுக்கினீர்கள்? (ஓவிய ஆசிரியை, திருநெல்வேலி)

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடையாக ஒரே ஒரு கண்காட்சியின் கதையைச் சொல்கிறேன்.

1984 அக்டோபரில், மேற்கு ஆஸ்திரேலியாவின் மெக்கே ஏரிப் பகுதியில், வெளியுலகத் தொடர்பு எதுவும் இல்லாமல் நீர்ச்சுனைகளை நம்பி வாழ்ந்துவந்த பின்டுபி இனத்தவர் ஒன்பது பேர், கிவிர்குரா என்ற குடியிருப்பில் இருந்த தங்கள் உறவினரோடு வந்து சேர்ந்தனர். அந்த ஒன்பது பேரில் ஒருவர், அப்போது இருபதுகளில் இருந்த வார்லிம்பிர்ங்கா ஜபல்ஜாரி. மற்ற பின்டுபி ஆண்கள் கேன்வாஸில் வரைவதைப் பார்த்துவிட்டு, 1987-இல் அவரும் வரையத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1988-இல், அவருடைய முதல் பதினொரு ஓவியங்கள் மெல்போர்னில் பிட்ஸியின் கலைக்கூடத்தில் அவருடைய பெயரிலேயே தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. பதினொன்றும் ஒரே தொகுப்பாக வாங்கப்பட்டு, விக்டோரியா தேசியக் கலைக்கூடத்துக்கு நன்கொடையாக அளிக்கப்பட்டன. நான்கு ஆண்டுகளுக்கு முன் நகரம் என்ற ஒன்றையே கண்டிராத ஒரு மனிதரின் முதல் படைப்புகள், சிதறிப் போகாமல் இன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

இது தானாக நடந்துவிடாது. அந்தக் கேன்வாஸுகள் பாலைவனத்திலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து வர வேண்டும். அவற்றுக்குச் சட்டம் கட்ட வேண்டும். நல்ல வெளிச்சமுள்ள சுவர் வேண்டும். இதற்கு முன் ஒரு ஓவியம்கூட விற்றிராத ஒருவரின் பெயரை அழைப்பிதழில் அச்சிட்டு, பெருநகரத்தின் சேகரிப்பாளர்களையும் விமர்சகர்களையும் அழைக்க ஒருவருக்குத் துணிவு வேண்டும். 1980களின் தொடக்கத்திலிருந்தே பாலைவன ஓவியங்களோடு பழகிய பிட்ஸி, 1987-இல் ஃபிளிண்டர்ஸ் லேன் என்ற தெருவில் தம் பெயரில் கலைக்கூடத்தைத் திறந்தார். ஒரு காலத்தில் ஜவுளி வியாபாரத்துக்கும் தையற்கூடங்களுக்கும் பேர்போன தெரு அது. அந்த ஆண்டுகளில் நவீன ஓவியக் கலைக்கூடங்கள் அங்கே ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பூர்வகுடி ஓவியங்களில் பெரும்பகுதி சுற்றுலாப் பயணிகளுக்கான கடைகளில் பூமராங்குகளுக்குப் பக்கத்தில் கிடந்த காலத்தில், அவற்றை நவீன ஓவியர்களின் தெருவுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றுக்கும் போதிய இடைவெளி விட்டு, வரைந்தவரின் பெயரோடு மாட்டிவைத்தது அவர் செய்த வேலை. கேட்பதற்குச் சிறியதாக இருக்கலாம். ஆனால் பார்ப்பவரின் கண்ணை அதுதான் மாற்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பாலைவனத்தோடு அவர் நின்றுவிடவும் இல்லை. வடக்கே ஆர்னெம் லாண்ட் பகுதியின் மரப்பட்டை ஓவியங்களுக்கும், ஜூலி கஃப் போன்ற, கலைக் கல்லூரியில் பயின்ற பூர்வகுடிக் கலைஞர்களுக்கும் அதே சுவர்களில் இடம் தந்தார். புள்ளி வைத்தால்தான் பூர்வகுடிக் கலை என்று சந்தை பழகிவிட்டிருந்த நாட்களில், ஒரு வணிகர் இப்படிச் செய்வது இலாபத்தை மட்டும் கணக்கிட்டுச் செய்வதாக இருக்க முடியாது. 1991-இல், சோவியத் ஒன்றியத்தின் கடைசி ஆண்டில், பாலைவன ஓவியங்களை மாஸ்கோவுக்குக் கொண்டுசென்றார். அவர் மறைந்த 2004-ஆம் ஆண்டில், அவருடைய சொந்தச் சேகரிப்பிலிருந்த பாலைவன ஓவியங்கள் மெல்போர்னின் ஹைடி நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கண்காட்சியாக வைக்கப்பட்டன.

கேள்வி: இதழில் வெளியான படத்தைப் பார்த்ததும் எனக்கு நம் வாசலில் போடும் புள்ளிக் கோலம் நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: தரையில் விரலால் வரையும் பழக்கம் இரண்டுக்கும் பின்னால் உண்டு. அதற்கு மேல் ஒற்றுமை தேடினால் நாம் ஏமாந்துபோவோம். கோலத்தில் முதலில் வருவது புள்ளி. இழை எங்கே வளைய வேண்டும், எங்கே முடிய வேண்டும் என்பதைப் புள்ளிதான் சொல்கிறது. பாலைவன ஓவியத்தில் புள்ளி கடைசியில் வருகிறது. முதலில் வட்டங்களும், வட்டங்களை இணைக்கும் கோடுகளும், லாட வடிவிலான வளைவுகளும் வரையப்படும். ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த வட்டங்கள் நீர்ச்சுனையாகவோ, முகாமிட்ட இடமாகவோ இருக்கலாம். கோடு நடந்த வழியாகவோ ஓடும் நீராகவோ இருக்கலாம். லாட வடிவம், மணலில் சம்மணமிட்டு அமர்ந்தவர் எழுந்து போனபின் பதிந்திருக்கும் தடம். இவற்றையெல்லாம் வரைந்து முடித்த பிறகே, சுற்றியுள்ள வெளியைப் புள்ளிகள் நிரப்புகின்றன.

கேன்வாஸ் தரையில் விரிக்கப்பட்டிருக்கும். ஓவியர் அதன் ஓரத்திலும், பெரியதாக இருந்தால் அதன் மேலேயும் அமர்ந்து, நான்கு பக்கத்திலிருந்தும் வரைவார். ஆகவே எது மேல், எது கீழ் என்பது ஓவியத்துக்குள் இல்லை. நிலத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் பார்க்க வேண்டும். மெல்போர்னில் ஒருமுறை அப்படிப்பட்ட ஓவியம் ஒன்றின் முன் வெகுநேரம் நின்றிருந்தேன். தொலைவிலிருந்து சீரான தூறல்போலத் தெரிந்த புள்ளிகள், அருகே சென்றபோது ஒன்றுபோல் இல்லை. சாயத்தில் தோய்த்த குச்சியின் முதல் புள்ளி தடித்து மேடிட்டிருந்தது. அடுத்தடுத்தவை மெலிந்துகொண்டே போய், ஆறாவது ஏழாவது புள்ளியில் கேன்வாஸின் நிறம் உள்ளிருந்து தெரிந்தது. பிறகு மறுபடியும் ஒரு தடித்த புள்ளி. ஒரு முறை தோய்த்தால் எத்தனை புள்ளி என்று எண்ணிக்கொண்டே போகலாம். அச்சில் வந்த படம் இதைக் காட்டாது.

கேள்வி: ஜெர்மனியில் ஒரு கலைச்சந்தை அவருக்கு அனுமதி மறுத்ததாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். என்ன நடந்தது? (தமிழ் விரிவுரையாளர், சென்னை)

பதில்: கொலோன் நகரில் நடைபெறும் புகழ்பெற்ற சமகாலக் கலைச்சந்தையில் பங்கேற்க 1994-இல் பிட்ஸி விண்ணப்பித்தபோது, அவர் காட்டவிருப்பது நாட்டார் கலை, ஆகவே இடம் தர இயலாது என்று மறுக்கப்பட்டது. இந்த மறுப்பு ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் பெரிய விவாதத்தைக் கிளப்பியது.

அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1990-இல், வெனிஸ் பியன்னாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியின் ஆஸ்திரேலிய அரங்கில் ரோவர் தாமஸ், டிரெவர் நிக்கல்ஸ் என்ற இரு பூர்வகுடி ஓவியர்கள் தம் நாட்டின் சார்பில் நின்றிருந்தனர். 1988-இல் நியூயார்க்கிலும் 1989-இல் பாரிஸிலும் அவர்களுடைய கலை பெரிய கண்காட்சிகளில் இடம்பெற்றிருந்தது. 1993-இல் கொலோனுக்கு அடுத்த ஊரான டூசல்டார்ஃபிலேயே ஒரு பெரும் பூர்வகுடிக் கலைக் கண்காட்சி நடந்திருந்தது. ஆகவே அந்தக் கலையை அறியாததால் மறுத்தார்கள் என்று சொல்ல வழியில்லை. சமகாலம் என்ற சொல்லை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல் இருந்தது.

இதை நான் ஏன் இவ்வளவு முக்கியமாகக் கருதுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். உயிரோடிருக்கும் ஒரு மனிதர், சென்ற மாதம், கடையில் வாங்கிய அக்ரிலிக் வண்ணத்தால், நெய்த கேன்வாஸில் ஓர் ஓவியம் வரைகிறார். அதே மாதத்தில் பெர்லினில் ஒருவர் அதே வண்ணத்தால் இன்னோர் ஓவியம் வரைகிறார். இரண்டாமவர் சமகாலக் கலைஞர் என்றும் முதலாமவர் நாட்டார் கலையின் பிரதிநிதி என்றும் பிரிப்பதற்கு, வரைந்தவர் யார் என்பதைத் தவிர வேறு எந்த அளவுகோலும் இல்லை. நாட்டார் கலை என்ற சொல்லில் இழிவு ஏதும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லைச் சூட்டும் கை பெரும்பாலும் படைத்தவரின் பெயரை அழித்துவிடுகிறது. கூட்டம் வரைந்தது, மரபு வரைந்தது, காலம் வரைந்தது என்றாகிவிட்டால், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, யாருக்கும் பணம் தர வேண்டியதும் இல்லை.

இதற்கு ஆஸ்திரேலியாவின் சொந்த வரலாற்றிலேயே சான்று உண்டு. 1966-இல் அந்நாடு டாலர் நாணயத்துக்கு மாறியபோது, புதிய ஒரு டாலர் நோட்டின் பின்புறத்தில் ஒரு மரப்பட்டை ஓவியத்தின் வடிவம் அச்சிடப்பட்டது. அது பெயர் தெரியாத பழங்காலக் கைவினைஞர் ஒருவருடையது என்று எண்ணி, யாரையும் கேட்காமல் அச்சிட்டுவிட்டார்கள். அதை வரைந்த டேவிட் மலாங்கி அப்போது ஆர்னெம் லாண்டில் உயிரோடு, தொடர்ந்து வரைந்துகொண்டிருந்தார். விஷயம் வெளிவந்த பிறகு ரிசர்வ் வங்கியின் ஆளுநர் அவருக்கு ஆயிரம் டாலரும், ஒரு பதக்கமும், மீன்பிடிக் கருவிகளும் வழங்கினார். ஒரு தேசமே தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்த ஓவியத்துக்கு ஒரு பெயர் இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து, ஒவ்வொரு ஓவியத்துக்கும் பக்கத்தில் ஒரு பெயரை அச்சிட்டு ஒட்டிய கலைக்கூடத்தை, இந்த நோட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

மெல்போர்னிலேயே வழங்கப்பட்டுவந்த கிளெமெஞ்சர் சமகாலக் கலை விருது 2003-இல் ஜான் மவுர்ன்ஜுல் என்ற ஆர்னெம் லாண்ட் ஓவியருக்குக் கிடைத்தது. அவர் வரைவது மரப்பட்டையில். யூகலிப்டஸ் வகை மரம் ஒன்றின் பட்டையை மழைக்காலத்தில் உரித்தெடுத்து, நெருப்பில் வாட்டி, கல்லை ஏற்றித் தட்டையாக்கி, மண்ணிலிருந்து எடுத்த காவி, மஞ்சள், வெள்ளை, கரி ஆகியவற்றால், இழை போன்ற தூரிகை கொண்டு ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் மயிரிழைக் கோடுகளை இழுப்பது அவர்கள் முறை. பொருள் பழையது, முறை பழையது, விருதின் பெயரில் இருந்த சொல் சமகாலம்.

கேள்வி: ஆயிரம் டாலருக்கு வாங்கிய பூர்வகுடி ஓவியம் பின்னர் கோடிக்கணக்கில் ஏலம் போனதாகப் படித்தேன். வரைந்தவர் வறுமையில் இருக்க, இடைத்தரகர்கள் கொழுக்கிறார்கள் என்பதுதானே உண்மை? (ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, கோயம்புத்தூர்)

பதில்: தாங்கள் படித்தது கிளிஃபோர்ட் பாஸம் ஜபல்ஜாரியின் ‘வார்லுகுலாங்’ என்ற ஓவியத்தைப் பற்றியதாக இருக்கலாம். 1977-இல் அவர் வரைந்த அந்தப் பெரிய ஓவியத்தை ஒரு வங்கி 1,200 ஆஸ்திரேலிய டாலருக்கு வாங்கி, தன் பயிற்சி மையத்தின் சிற்றுண்டிச்சாலையில் மாட்டிவைத்திருந்தது. 2007-இல் அது 24 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் அதை வாங்கிற்று. முப்பது ஆண்டுகளில் இரண்டாயிரம் மடங்கு. ஓவியர் 2002-இலேயே காலமாகிவிட்டார். இன்னும் நெஞ்சை அறுப்பது ஜானி வாரங்குலா ஜுபுருலாவின் கதை. 1972-இல் அவர் வரைந்து 150 டாலருக்கு விற்ற, கலிபின்பா என்ற நீர்நிலையைப் பற்றிய ஓவியம், 1997-இல் 2,06,000 டாலருக்கும், 2000-இல் 4,86,500 டாலருக்கும் கைமாறியது. இரண்டு ஏலங்களின்போதும் அவர் உயிரோடு இருந்தார். முதுமையிலும் வறுமையிலும் இருந்தார். ஒரு காசும் அவருக்குச் சட்டப்படி உரியதாக இருக்கவில்லை.

ஆனால் இந்த அநீதியைக் கலைக்கூடம் நடத்துபவர் அனைவர் தலையிலும் வைப்பது சரியாகாது. ஓவியம் இரண்டு சந்தைகளில் விற்கப்படுகிறது. முதல் முறை விற்கும்போது ஓவியருக்குப் பங்கு உண்டு. பிறகு வாங்கியவர் விற்கும்போதும், அவரிடமிருந்து வாங்கியவர் விற்கும்போதும் அன்று பங்கு இருக்கவில்லை. மேலே சொன்ன பெருந்தொகைகள் எல்லாம் இரண்டாவது சந்தையில் புரண்டவை. ஆஸ்திரேலியா 2009-இல் சட்டம் இயற்றி, 2010 ஜூன் 9 முதல், ஆயிரம் டாலரோ அதற்கு மேலோ போகும் மறுவிற்பனைகளில் 5 விழுக்காடு ஓவியருக்கு, அவருக்குப் பின் 70 ஆண்டுகள் வரை அவர் வாரிசுகளுக்குச் சேர வழிசெய்தது. வாரங்குலா 2001-இல் இறந்துவிட்டார்.

முதல் சந்தையில் எல்லாம் நேர்மையாக நடக்கிறதா என்றால், அதுவும் இல்லை. பாலைவனத்தின் நடுவே உள்ள அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு மருத்துவத்துக்காகவோ உறவினரைப் பார்க்கவோ வரும் ஓவியர்களைப் பிடித்து, கொல்லைப்புறக் கொட்டகையில் உட்கார வைத்து, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணமோ ஒரு பழைய காரோ கொடுத்துக் கேன்வாஸ் கேன்வாஸாக வரைய வைக்கும் வியாபாரிகள் உண்டு. 2007-இல் ஆஸ்திரேலிய செனட்டின் குழு ஒன்று இந்தக் கொடுமையை விசாரித்து அறிக்கையே வெளியிட்டது. பிட்ஸியின் வழியை இவர்களிடமிருந்து பிரித்தது ஒன்றுதான்: பாலைவன ஓவியங்களை அவர் பப்புன்யா துலா போன்ற, ஓவியர்களுக்கே சொந்தமான நிறுவனங்களின் வழியாகப் பெற்றார்.

அந்த நிறுவனத்தைப் பற்றிச் சொல்லாமல் இவரைப் பற்றிச் சொல்ல முடியாது. அலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே சுமார் 240 கிலோமீட்டரில் உள்ள பப்புன்யா, வெவ்வேறு மொழி பேசும் பாலைவன மக்களை அரசு கொண்டுவந்து குடியேற்றிய இடம். 1971-இல் அங்கே பள்ளி ஆசிரியராக வந்த ஜெஃப்ரி பார்டன் கொடுத்த ஊக்கத்தில், ஊர்ப் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேனெறும்பின் கதையை வரைந்தனர். பிறகு கிடைத்ததிலெல்லாம் வரைந்தனர்: அட்டைப் பலகை, பழப்பெட்டியின் மரத்துண்டு, தரை ஓடு. 1972-இல் அவர்களே உரிமையாளர்களாகப் பப்புன்யா துலா நிறுவனம் அமைந்தது. பள்ளிச் சுவரில் இருந்த அந்த ஓவியத்தின் மேல் 1974-இல் வெள்ளையடித்துவிட்டார்கள்; நிறுவனம் நிலைத்துவிட்டது.

கணக்குப் பார்க்கப் பழகிய தங்களுக்காக, இத்தகைய ஏற்பாட்டில் பணம் எப்படிப் பிரிகிறது என்பதையும் சொல்கிறேன். பரவலான வழக்கப்படி, நகரத்துக் கலைக்கூடம் விற்பனை விலையில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைக் கமிஷனாக எடுத்துக்கொள்ளும். மீதியை ஓவியரும் அவர்களுடைய கலை மையமும் பகிர்ந்துகொள்வர். கேன்வாஸ், வண்ணம், ஊழியர் சம்பளம், வண்டிக்கு எரிபொருள் எல்லாம் மையத்தின் பங்கிலிருந்து போக வேண்டும். பின்டுபி மக்கள் 1980களின் தொடக்கத்தில் திரும்பிச் சென்று குடியேறிய கின்டோர் என்ற ஊர் அலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல். கிவிர்குரா அதற்கும் மேற்கே. அந்த மண்சாலையில் கேன்வாஸும் பணமும் போய்வருவதற்கு ஆகும் செலவைச் சேர்த்துத்தான் எதையும் எடைபோட வேண்டும். நாற்பது விழுக்காடு அதிகமா என்று கேட்டால், நல்ல சுவரும் நேர்மையான கணக்கும் கிடைக்கும்வரை அதிகமில்லை என்பது என் முடிவு.

கேள்வி: வழிபாட்டுக்குரிய சின்னங்களை வரைந்து விற்பது அந்தச் சமூகத்துக்கே சம்மதமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: சம்மதம் எளிதாகக் கிடைத்துவிடவில்லை. மூதாதையர் நடந்து நடந்து நிலத்தையும் மலையையும் சுனையையும் உருவாக்கிய காலத்தை, ஜுகுர்பா என்று அவர்கள் சொல்வதை, நாம் கனவுக்காலம் என்று மொழிபெயர்க்கிறோம். அது முடிந்துபோன காலமும் அன்று, கனவும் அன்று. நிலத்தின் சட்டம் என்பது பொருளுக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். அந்தக் கதைகளில் யார் எதை அறியலாம், யார் எதை வரையலாம் என்பதற்குக் கடுமையான வரையறைகள் உண்டு. 1971–72-இல் வரையப்பட்ட முதல் பலகைகள் சிலவற்றில், சடங்கில் தீட்சை பெற்ற ஆண்கள் மட்டுமே காணக்கூடிய பொருட்கள் வெளிப்படையாகவே இருந்தன. அவை வெளியே காட்டப்பட்டபோது மற்றப் பாலைவனச் சமூகத்தவர் கொதித்தெழுந்தனர். அதன்பின் ஓவியர்கள் அத்தகைய வடிவங்களைக் கைவிட்டனர். சொல்லக் கூடாததை மறைக்கவே புள்ளிகள் மேலும் பெருகின என்று கருதும் ஆய்வாளர்களும் உண்டு. டார்வினில் உள்ள அருங்காட்சியகம் தன்னிடமிருக்கும் தொடக்ககாலப் பலகைகளில் சிலவற்றைச் சமூகத்துப் பெரியவர்களின் சொல்லுக்கு இணங்கி இன்றுவரை பொதுமக்களுக்குக் காட்டுவதில்லை.

பின்டுபி ஆண்கள் வரையும் திங்காரி ஓவியங்களுக்குக் கிடைக்கும் விளக்கக் குறிப்பில், இந்த இடத்துக்குத் திங்காரி மூதாதையர் வந்தனர், இங்கே தங்கினர், இன்ன திசையில் சென்றனர் என்ற அளவில் இருக்கும். மற்றவை இரகசியம் என்று முடிந்துவிடும். கேட்டவருக்கெல்லாம் கதை சொல்லி விற்றால் கூடுதல் விலை கிடைக்கும் சந்தையில், இதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமையில்லை என்று நிறுத்திக்கொள்வது அந்தத் தொழிலின் ஒழுக்கம்.

கேள்வி: எல்லாம் ஆண்களாகவே இருக்கிறார்களே, பெண்கள் வரைவதில்லையா? (இல்லத்தரசி, திருச்சி)

பதில்: பப்புன்யா துலாவில் தொடக்கத்தில் வரைந்தவர்கள் பெரும்பாலும் ஆண்களே; மனைவியரும் மகள்களும் புள்ளி வைக்கத் துணை நின்றனர். 1990களின் நடுவில் பின்டுபிப் பெண்கள் தங்கள் சொந்தக் கதைகளைத் தங்கள் பெயரிலேயே வரையத் தொடங்கினர். அவர்களில் ஒருவரான மக்கிந்தி நபனங்கா 2008-இல் நாட்டின் முதன்மையான பூர்வகுடிக் கலை விருதைப் பெற்றார். முதல் கேள்வியில் சொன்ன ஒன்பது பேரில் சிறுமியாக இருந்த யுகுல்ஜி நபங்காட்டி, 2018-இல் நிலக்காட்சி ஓவியத்துக்கான வின் பரிசை வென்றார்.

யுடோப்பியா என்ற பகுதியில் 1970களின் இறுதியிலேயே பெண்கள் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் முறையில் துணிகளில் வரைந்துவந்தனர். அங்கிருந்து வந்தவர்தான் எமிலி காமே உங்வாரே. ஏறக்குறைய எண்பது வயதை நெருங்கும்போது கேன்வாஸில் வரையத் தொடங்கி, 1996-இல் மறையும்வரை எட்டே ஆண்டுகளில் ஆஸ்திரேலிய ஓவியத்தின் போக்கையே மாற்றியவர். 1990களின் தொடக்கத்தில் அவருடைய ஓவியங்கள் பிட்ஸியின் கலைக்கூடத்திலும் தனிக் கண்காட்சிகளாக வைக்கப்பட்டன.

கேள்வி: இந்தியாவில் இப்படி ஒருவர் உண்டா? (வாசகர், சேலம்)

பதில்: கலைக்கூட வணிகத்தில் இவருக்கு நேர் இணையாக யாரையும் சொல்லமாட்டேன். பணியின் தன்மையில் அருகில் வருபவர் ஜெ. சுவாமிநாதன். தமிழ்க் குடும்பத்தில் சிம்லாவில் பிறந்து, தாமே பெரிய ஓவியராக விளங்கிய அவர், போபாலின் பாரத் பவனில் 1982-இல் உருவான ரூபங்கர் அருங்காட்சியகத்தில், நகரத்து நவீன ஓவியங்களையும் பழங்குடியினரின் படைப்புகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்தார். அவர் அனுப்பிய குழுவினர் பட்டான்கர் என்ற ஊரில் கண்டெடுத்த கோண்டு பழங்குடி இளைஞர்தான் ஜங்கர் சிங் ஷ்யாம். மேலே குறிப்பிட்ட 1989-ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சியில், ஆஸ்திரேலியப் பாலைவனத்திலிருந்து வந்த வார்ல்பிரி மக்களின் மணல் ஓவியமும் ஜங்கரின் ஓவியங்களும் இடம்பெற்றிருந்தன. 2001-இல், ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்துக்காக ஊரைவிட்டு வெகுதொலைவில் தங்கி வரைந்துகொண்டிருந்த காலத்தில், ஜங்கர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் பெயரைத் தாங்கி நிற்பதற்கு, பப்புன்யா துலாவைப் போல ஓவியர்களுக்கே சொந்தமான ஒரு நிறுவனம் அவருக்குப் பின்னால் இருக்கவில்லை. அந்த இழப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இதுவும் சேர்ந்தே தோன்றுகிறது.

கேள்வி: மெல்போர்னில் வசிக்கிறேன். வீட்டில் மாட்ட ஒரு சிறிய பூர்வகுடி ஓவியம் வாங்க விருப்பம். எதைப் பார்த்து வாங்க வேண்டும்? (வாசகி, மெல்போர்ன்)

பதில்: மூன்று கேள்விகளைக் கேளுங்கள். வரைந்தவர் யார், எந்த ஊரைச் சேர்ந்தவர்? எந்தக் கலை மையத்தின் வழியாக இந்த ஓவியம் வந்தது? ஓவியருக்கு எப்படிப் பணம் தரப்பட்டது? நல்ல கலைக்கூடத்தினர் இவற்றுக்குத் தயங்காமல் விடை சொல்வார்கள். கலை மையத்தின் சான்றிதழையும் சேர்த்தே தருவார்கள். விற்பவர் பூர்வகுடிக் கலை நெறிமுறை அமைப்பில் உறுப்பினரா என்பதையும் கேட்கலாம். ஓவியர் கேன்வாஸைக் கையில் பிடித்தபடி நிற்கும் புகைப்படம் மட்டும் போதுமான சான்று ஆகாது. மேலே சொன்ன கொட்டகை வியாபாரிகளும் அப்படிப் படம் எடுப்பதுண்டு. சுற்றுலாக் கடைகளில் கிடைக்கும் புள்ளியிட்ட மரப்பொருட்களில் பல வெளிநாட்டில் செய்து இறக்குமதியானவை என்பதையும் மறக்க வேண்டாம். வியட்நாமில் நெய்த கம்பளங்களில் பூர்வகுடி ஓவியர்களின் வடிவங்களை அனுமதியின்றிப் பயன்படுத்திய வழக்கில், அவர்களுக்கு இழப்பீடு தர 1994-இலேயே நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்கிக்கொள்ளுங்கள். ஃபெடரேஷன் சதுக்கத்தில் உள்ள விக்டோரியா தேசியக் கலைக்கூடத்தின் ஆஸ்திரேலியக் கலைப் பிரிவுக்குச் செல்லுங்கள். ஃபிளிண்டர்ஸ் லேனிலிருந்து சில நிமிட நடைதான். வார்லிம்பிர்ங்காவின் அந்தப் பதினொன்றும் அந்த நிறுவனத்தின் சேகரிப்பில்தான் இருக்கின்றன. எப்போதும் சுவரில் இருக்காது. அடுத்து எப்போது காட்சிக்கு வரும் என்று ஊழியரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.